எதிர்ச்சரிவில் உயராத துண்டு

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு இடுப்பு மைக் கொடுத்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் பெல்ட் போலக் கட்டிக்கொள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர், காதில் மாட்டினால் வாய்க்கு முன்னால் வளைந்து வரும் ஒரு குச்சி, அதன் நுனியில் கறுப்புப் பஞ்சு. அதைக் கட்டிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்க வந்தவள் மாதிரிதான் இருந்திருப்பேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது ஸ்பீக்கர் வழியாகப் பக்கத்து வகுப்புக்கும் போனது.

அந்தப் பஞ்சில் ஒரு வாசனை இருந்தது. எனக்கு முன்னால் அதை மாட்டிப் பார்த்தவர் கணக்கு சார். அவர் வாயில் எந்நேரமும் இருமல் மிட்டாய் கிடக்கும். புது ரப்பரும் நீலகிரித் தைலமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கையில் சாக்பீஸோடு நான் கொல்லிமலைக்குப் போய்விட்டேன். மார்த்தாம்மாவின் அறை அப்படித்தான் மணக்கும். கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் வெந்நீர்க் குவளை, தலைமாட்டில் தைலக் குப்பி. தொண்டையை ஒரு கைக்குழந்தை போல வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனுஷி அவர்.

மார்த்தாம்மா அமெரிக்கப் பாடகி. என் முதல் வேலையே அவருக்குத் துணையாக இருப்பதுதான். எங்கள் ஊர் புளியஞ்சோலைக்குப் பக்கம். மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் என்றாலும் வேலை கிடைத்த பிறகுதான் மேலே ஏறினேன். தபால் வழியில் ஆங்கிலம் முதுகலை முடித்துவிட்டு, நெல் வயலில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம். மலையில் சாமை விதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார், அவர் மனைவிக்குப் பேச்சுத் துணைக்கும் மொழிபெயர்க்கவும் படித்த பெண் வேண்டும் என்றார்கள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ இங்கிலீசு பேசிக் கேட்டதே இல்லியே கண்ணு" என்றாள். நானும் கேட்டதில்லை. ஆனால் அதை வெளியே சொல்வேனா?

கொண்டை ஊசி வளைவுகளில் பாதி மலைக்குள்ளேயே என் முதுகலைப் பட்டம் பஸ் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டது. செம்மேட்டில் இறங்கியபோது முகம் வெளுத்து நின்ற என்னைப் பார்த்து மார்த்தாம்மா ஒன்றும் பேசவில்லை. வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார். காலையில் பத்து மணிவரை அவர் வாயே திறக்கமாட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. குரலுக்கு ஓய்வாம். பேச்சுத் துணைக்கு வந்தவளுக்குப் பாதி நாள் பேச்சே கிடையாது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அவர்கள் தங்கியிருந்தது குண்டூர் நாட்டில், ஒரு சரிவின் விளிம்பில் இருந்த ஓட்டு வீட்டில். காலையில் வந்து சமைத்துக் கொடுப்பவர் செல்லாயி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். மார்த்தாம்மா பேசாமல் இருப்பதை இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டிருக்காங்க கண்ணு?" என்று கேட்டார். குரலுக்காக என்றேன். செல்லாயக்கா கொஞ்சம் யோசித்தார். "அது இருக்கறது கத்தறதுக்குத்தானுங்களே, எதுக்குப் பூட்டி வெக்கறாங்க?" என்றார். நான் இதை மொழிபெயர்க்கவில்லை. இங்கிலீஷ் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

பத்து மணிக்கு மேல் மார்த்தாம்மா பேச ஆரம்பித்தால் பலாக்கொட்டை உரித்து முடிக்கும்வரை பேசுவார். மெதுவாக, எனக்குப் புரியும் சொற்களாகப் பார்த்துப் பார்த்துப் போடுவார். அவர் பாதி வயது ஓபரா மேடையில் கழித்தவர். ஓபரா என்றால் கதை முழுவதும் பாட்டுத்தான். சண்டையும் பாட்டு, சாவும் பாட்டு. அதுவும் பெரும்பாலும் அவர்கள் பாஷையே கிடையாது, வேறு தேசத்துப் பாஷை. மேடைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு பெரும்படையே உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கும். அதையெல்லாம் தாண்டி, மைக் இல்லாமல், மாடியில் கடைசி வரிசையில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதுக்குக் குரல் போய்ச் சேரவேண்டும். பெண் குரலில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற குரல் இவருடையது. அதைச் சொப்ரானோ என்பார்கள். "எத்தனை தடவை மேடையில் செத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். காசநோயில், விஷத்தில், கத்தியில் என்று விரல் மடக்கிக்கொண்டே போனவர், கை போதாமல் சிரித்துவிட்டார்.

நாற்பதைத் தாண்டியதும் அங்கே வேடங்கள் குறைந்தன. வாடகை கொடுக்க வேண்டுமே என்று இசை நாடகத்துக்குப் போனார். அது வேறு உலகம். பேச்சும் பாட்டும் ஆட்டமும் கலந்து வரும், வாரத்தில் ஓய்வு ஒரே நாள். நெற்றியில் முடி ஆரம்பிக்கும் இடத்தில் அரிசி அளவு மைக்கை ஒட்டி, ஒயரை முதுகு வழியாக இறக்கி இடுப்பில் ஒரு பெட்டியைச் செருகிவிடுவார்கள். முதல் ஒத்திகையில் இவர் வாய் திறந்ததும் ஒலி பார்க்கும் பையன் காதுக் கருவியைக் கழற்றி வீசிவிட்டு ஓடிவந்து, "அம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று கும்பிட்டானாம். அதில் இவருக்குக் கிடைத்தது ஒரு சத்திரக்காரி வேடம். புருஷனைப் பறிகொடுத்தவள், மாவு பிசைந்துகொண்டே அவனைப் பற்றிப் பாடுவாள். அந்த நாடகம் வருஷக்கணக்கில் ஓடியது. ஓபராவில் கிடைக்காத பேர் அந்த மாவில் கிடைத்தது. தெருவில் போகிறவர்கள் நிறுத்தி, ரொட்டிக்கு எவ்வளவு உப்புப் போடவேண்டும் என்று கேட்பார்களாம்.

"அங்கே என் குரலை மட்டும் கேட்டார்கள். இங்கே என்னையும் சேர்த்துக் கேட்டார்கள். எனக்கு இரண்டும் பிடித்தது. ஆனால் இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று சொல்லவில்லை" என்றார் ஒருநாள். ஓபரா சிநேகிதர்களுக்கு இவர் மைக்குக்குப் போனவர். நாடகக்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் சத்தம் அதிகமானவர். இரண்டு ஊட்டுக்கும் மருமகளாக வாக்கப்பட்ட கதை என்று செல்லாயக்கா சொன்னதை இந்தத் தடவை எப்படியோ மொழிபெயர்த்தேன். மார்த்தாம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் மலைக்கு வந்தபோதே மனதுக்குள் ஒரு கல்லைச் சுமந்துகொண்டுதான் வந்திருந்தார். பழைய ஓபரா அரங்கிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒரு தாய் வேடம். சின்ன வேடம்தான், ஆனால் கடைசியில் செத்துப்போன மகனைக் கூப்பிட்டுத் தாய் பாடும் நீண்ட பாட்டு ஒன்று உண்டு. பெரிய அரங்கம். மைக் கிடையாது. ஊருக்குத் திரும்புமுன் சரியென்றோ முடியாதென்றோ சொல்லவேண்டும். இத்தனை வருஷம் மைக்கோடு பாடி, வயதும் ஆகி, குரல் இன்னும் கடைசி வரிசைவரை போகுமா என்பது அவருக்கே தெரியவில்லை. போய் நின்று, குரல் நடுவில் விழுந்துவிட்டால்? புருஷனைக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது என்பாராம். "பீட்டருக்கு டிராக்டர் ஓட்டி ஓட்டிக் காது மந்தம். அதோடு அவர் என் கணவர். இரண்டு காரணத்தாலும் அவர் சாட்சி செல்லாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் செல்லாயக்காவின் மத்தியானக் கூப்பாட்டைச் சொல்லவேண்டும். அவர் வீட்டுக்காரர் காளியண்ணனுக்குச் சாமைக்காடு எதிர்ச்சரிவில். நடுவில் ஆழமாக ஓர் ஓடை. இறங்கி ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் சோறு ஆறிப்போகும். அப்போது மலையில் செல்போன் கோபுரம் வரவில்லை. சோறு ஆனதும் செல்லாயக்கா எங்கள் வீட்டு முற்றத்துப் பாறைமேல் ஏறி நிற்பார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கொஞ்சம் பார்ப்பார். பிறகு 'ஓஓய்' என்று ஒரே ஒரு சத்தம், முடிவில் மேலே தூக்கி விடுவார். பெயர் கிடையாது, வார்த்தை கிடையாது. எதிரே சாமைக் கதிருக்கு நடுவில் புள்ளியாகத் தெரியும் காளியண்ணன் பதிலுக்குக் கத்தமாட்டார். தலைத்துண்டை அவிழ்த்து ஒருமுறை உயரத் தூக்கிக் காட்டுவார். கேட்டுவிட்டது, வாரேன் என்று அர்த்தம். மலை முழுக்க அதுதான் வழக்கம். கூப்பிடுகிறவர் ஒருமுறை கூப்பிடவேண்டும், கேட்டவர் துண்டு காட்டவேண்டும்.

மார்த்தாம்மா இதை முதல்முறை பார்த்த அன்று கையிலிருந்த வெந்நீர் ஆறிப்போனது. மறுநாளும் அந்த நேரத்துக்கு வந்து நின்றார். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் ஆனதும் என்னிடம் வந்து, சிறுபிள்ளை திருவிழாவுக்குக் கூட்டிப் போகச்சொல்லிக் கேட்கிற மாதிரி, "அந்தத் துண்டு எனக்கும் உயருமா என்று பார்க்கவேண்டும்" என்றார்.

செல்லாயக்காவுக்கு ஒரே சிரிப்பு. "அதுக்கென்னங்க, நாளைக்கு நான் ரேசன் கடைக்குப் போறேன். எனக்குப் பதிலா அந்தம்மாவே கூப்புடட்டும். எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி வெச்சுடறேன்" என்றார். சொல்லியும் வைத்தார். என்ன சொன்னார் என்றால், நாளை மத்தியானம் அந்தம்மா கூப்பிடும், கேட்டால் துண்டைக் காட்டு என்று. பாடும் என்று சொல்லவில்லை. மார்த்தாம்மா பாடப்போகிறார் என்று நாங்களும் செல்லாயக்காவிடம் விளக்கவில்லை. கூப்பிடுவதும் பாடுவதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷியிடம் என்னத்தை விளக்குவது?

மறுநாள் மார்கழி வெயில், காற்று அதிகமில்லை. காலையிலிருந்து மார்த்தாம்மா சாப்பிடவில்லை. கம்பளித் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவர் கழுத்தைப் பார்த்தேன், சுருக்கம் விழுந்த சாதாரணக் கழுத்து. பாறைமேல் ஏறினார். செல்லாயக்கா மாதிரியே காற்றைப் பார்த்தார். எதிர்ச்சரிவில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக மனிதப் புள்ளிகள்.

அவர் பாடியது அந்தத் தாய்ப் பாட்டு. எனக்கு அந்த இசை தெரியாது, பாஷை தெரியாது. நல்ல பாட்டா என்றுகூடச் சொல்லத் தெரியாது. தாழ ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய், இனிமேல் ஏற இடமில்லை என்று நான் நினைத்த இடத்துக்கும் மேலே போய் அங்கேயே நின்றது.  பிள்ளையைப் பறிகொடுத்தவள் யார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பாடி முடித்தபோது அவர் முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது. இருவரும் எதிர்ச்சரிவைப் பார்த்தோம்.

துண்டு உயரவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்த்தோம். வெள்ளைப் புள்ளி ஒன்று அசைந்தது. அது காட்டை விட்டு இறங்கி மரங்களுக்குள் மறைந்தது. அதன் பின்னால் ஒரு சிவப்பு, அதன் பின்னால் இரண்டு பச்சை. ஒவ்வொன்றாக எல்லாப் புள்ளிகளும் போய்விட்டன. அறுத்த சாமை அப்படியே கிடக்க, சரிவு காலியாகிவிட்டது.

"சாப்பிடப் போகிறார்கள்" என்றேன். 

மார்த்தாம்மா பாறையிலிருந்து இறங்கினார். "அரங்கம் காலியாவது எனக்குப் புதிது இல்லை" என்றார். உள்ளே போய் பீட்டரிடம், நாளைக்கே அரங்கத்துக்குச் சொல்லிவிடு, நான் பாட வரவில்லை என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு வாசலில் வந்து உட்கார்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி பலாக்கொட்டை உரிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி ஆயுள் பூராவும் வளர்த்த குரல், ஓர் ஓடையைத் தாண்டவில்லையே என்று மனசு ஆறவில்லை. காளியண்ணன் மேல் கோபம்கூட வந்தது. கேட்காவிட்டாலும் ஒரு மரியாதைக்குத் துண்டைத் தூக்கியிருக்கக் கூடாதா?

கூடை நிறையக் கொட்டை உரித்திருப்போம். கீழே நாய்கள் குரைத்தன. புதர் சலசலத்தது. காளியண்ணன் முதல் ஆளாக மேலே வந்தார். இடுப்பு வரை ஓடைத் தண்ணீர், கால் முழுக்கச் சேறு, மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. தோளில் இரண்டு மூங்கில் கழி, அதில் சுற்றிய கம்பளி. மலையில் ஆள் விழுந்தால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போவதற்கு வைத்திருப்பது. அவருக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம், பலர் கையில் அரிவாள்கூட இன்னும் இருந்தது.

"ஆருக்குங்க? ஆருக்கு என்னாச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே" என்றேன்.

"கூப்பாடு கேட்டுச்சே! உசுரு போற கூப்பாடு!"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. மலையில் குட்டையாகக் கூப்பிட்டால் சோறு. இரண்டு தடவை கூப்பிட்டால் ஆள் தேவை. வார்த்தையில்லாமல் நீளமாக, இறங்காமல், உச்சியிலேயே நின்றால் ஆபத்து. யாரோ விழுந்துவிட்டார்கள், பாம்பு கடித்துவிட்டது, தீப்பிடித்துவிட்டது. அதைக் கேட்டால் துண்டு காட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லித் தருவார்களா?

"பாட்டுப் பாடுனாங்கண்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாட்டா?"

காளியண்ணன் கழிகளைத் தரையில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அறுப்ப உட்டுட்டு ஓடியாந்தோம் கண்ணு. பாட்டுங்கறயே!" அவருக்கு வந்தது நியாயமான கோபம். ஒரு பெண்ணுக்கு ஓடைக் கல்லில் இடித்துக் கால் விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னொருவர், "நாங்களாச்சும் பரவால்ல, பெரக்கரை நாட்டு ஆளுக பின்னால வந்துக்கிட்டிருக்காங்க. அவிங்களுக்கு என்ன சொல்றது?" என்றார்.

மார்த்தாம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார். என்ன, என்ன என்றார். நான் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, அவர்களுக்குக் கேட்டிருக்கிறது, யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்துக் காப்பாற்ற ஓடிவந்திருக்கிறார்கள், அடுத்த நாட்டு ஆட்களுக்கும் கேட்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் அந்த மூங்கில் கழிகளைப் பார்த்தார். சேற்றுக் கால்களைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே சிரிப்பும் வந்தது. "பாத்தீங்களா, ஏதோ ஆயிருக்குது" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்.

பிறகு அவரே எழுந்து வெந்நீர் கொண்டுவந்து, காலில் அடிபட்டவளை உட்காரவைத்துக் கழுவித் துணி கட்டினார். தன் கம்பளித் துண்டைக் காளியண்ணனுக்குப் போர்த்தினார். காப்பியும், குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்கிற மரவள்ளியை வேகவைத்ததும் வந்தன. பெரக்கரை நாட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தபோது அவர்களுக்கும் வந்தது. வயிற்றில் ஏதாவது விழுந்தால் கோபம் தணியத்தானே செய்யும்? கால்கட்டுப் போட்டவள்தான், "வந்தது வந்தாச்சு. அந்தச் சத்தம் வேண்டாம், வேற ஏதாச்சும் மெல்லமாப் பாடச் சொல்லு கண்ணு" என்றாள்.

மார்த்தாம்மா கிழங்கு வைத்திருந்த முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் இல்லாத மாவைப் பிசைந்தார். சத்திரக்காரி பாட்டு. பாதி பேச்சு, பாதி பாட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் குறை சொல்கிற குரல். மொழி தெரியாமலே எல்லாருக்கும் புரிந்தது. நடுவில் பிசைவதை நிறுத்தி ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி பிசைவார். அந்த இடத்தில் கால்கட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தாளு இனி வரமாட்டானாட்டம் இருக்குது" என்றாள். யாரும் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

கிளம்பும்போது காளியண்ணன் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். "இனி அந்தம்மா பாடறதுன்னா, மொதல்ல அது துண்டக் காட்டட்டும். அப்பறமாப் பாடட்டும்." அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. மலையை விட்டுப் போகும்வரை மத்தியானங்களில் பாறைமேல் ஏறி, முதலில் ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டிவிட்டு, பிறகு மார்த்தாம்மா பாடுவார். எதிரே சில துண்டுகள் உயரும். சில நாள் உயராது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஊருக்குப் போய் அந்த வேடத்தை அவர் ஏற்றுக்கொண்டார். பாடிய மறுநாள் பீட்டர் போன் போட்டுக் கொடுக்க, என்னிடம் பேசினார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்களாம். "நல்ல ஜனங்கள். ஆனால் ஒருத்தர்கூட மூங்கில் கழி கொண்டுவரவில்லை" என்றார். அதற்கப்புறம் அவர் அதிக வருஷம் இருக்கவில்லை. சேதி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

போன அரையாண்டு விடுமுறையில் மலைக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை, இப்போதெல்லாம் வயிறு பழகிவிட்டது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் தங்கும் விடுதி. எதிர்ச்சரிவு முழுக்கச் சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும். அந்தப் பக்கம் ஆள் நின்றால் இங்கிருந்து தெரியாது. செல்லாயக்கா தன் வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். காளியண்ணன் கட்டிலில் இருந்தார். ஒரு கால் நீட்டியபடியே இருந்தது, மடக்க வரவில்லை.

மிளகு பறிக்க ஏறியபோது ஏணி சரிந்துவிட்டதாம். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்தார், போன் அந்தச் சட்டைப் பையில். விழுந்த இடத்திலிருந்து கைக்கு எட்டவில்லை.

"கூப்புட்டேன் கண்ணு. நீளக் கூப்பாடு. உங்க வெள்ளக்காரம்மா போட்டுச்சே, அந்த மாதிரி. பொழுது சாயற வரைக்கும் போட்டுப் பாத்தேன்."

"ஒருத்தருக்கும் கேக்கலீங்களா?"

"எல்லாத்துக்கும் கேட்டிருக்குதுங்க" என்றார் செல்லாயக்கா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கே கேட்டுச்சு. டூரிஸ்டுக வந்து பாறையில நின்னுக்கிட்டுச் சும்மாக் கத்துவாங்க, எதிரொலி கேக்கோணும்னு. அவிங்கதான்னு இருந்துட்டேன்."

காளியண்ணன் நீட்டிய காலைக் கையால் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "அந்தம்மா நல்லாருக்குதா?" என்று கேட்டார். சொன்னேன். "அடடா" என்றார். அப்போது விடுதிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. வார்த்தை இல்லை, நீளமாக, உயரத்தில், இறங்காமல். காளியண்ணன் தலையைத் தூக்கினார். செல்லாயக்காவின் முறம் நின்றது. நான் எழுந்தே விட்டேன்.

"டூரிஸ்டுக" என்றார் செல்லாயக்கா. முறம் மறுபடி அசைந்தது. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் நானும் உட்கார்ந்துவிட்டேன்.